கிளிக்குத் தெரிந்த கலைகள்

அறுபத்து நான்கு கலைகள்! எண்ணிக்கையிலேயே ஒரு மிடுக்கு இருக்கிறதல்லவா? ஒன்றிய அரசு 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட தேசியக் கல்விக் கொள்கையின் பதினோராம் பகுதி இந்த மிடுக்கோடுதான் தொடங்குகிறது. தட்சசீலம் இருந்தது, நாளந்தா இருந்தது. பாணபட்டர் எழுதிய 'காதம்பரி' இருந்தது. அறுபத்து நான்கு கலைகளையும் அறிவதே நல்ல கல்வி என்று அந்நூல் அன்றே கூறிவிட்டது. பாட்டும் ஓவியமும் மட்டுமா, வேதியியலும் கணக்கும், தச்சும் தையலும், மருத்துவமும் பொறியியலும், பேச்சுத் திறனும் வாதத் திறனும் அதிலே அடக்கம். மேல்நாட்டார் இன்று 'லிபரல் ஆர்ட்ஸ்' என்று பேசுகிறார்களே, அது நம்மிடமிருந்த பழம்பொருள்தான், அதனை மீட்டுக் கொண்டுவர வேண்டும். அப்பகுதி கூறுவதன் சாரம் இது.

பழம்பெருமை பேசுவோருக்கு ஒரு பழக்கம் உண்டு. நூலின் பெயரைச் சொல்வார்கள். நூலைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் தொல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். காதம்பரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர்கள் அவர்களே. சாட்சி வந்து நின்ற பிறகு குறுக்கு விசாரணை செய்யும் உரிமை நமக்கு உண்டு. கலை அறிவியல் கல்லூரியின் முதலாண்டு வகுப்பிலே, குடும்பத்தில் முதல் ஆளாய் அடியெடுத்து வைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளின் சார்பில் அந்த விசாரணையை நடத்துவோம்.

பாணபட்டர் ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷனின் அவையிலே வாழ்ந்தவர். வடமொழி உரைநடையில் பெருவல்லவர் என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயரை நாம் பறிக்கப் போவதில்லை. சொல்லை அடுக்கி மாளிகை கட்டும் வித்தை அவருக்குக் கைவந்தது. காதம்பரியை முடிக்காமலே அவர் மறைந்தார். மகன் எழுதி முடித்தான். கதை தொடங்குவது விதிசை நகரில், சூத்திரகன் என்னும் அரசனின் அவையில். பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். அங்கே ஆட்சி செய்தது வருணாசிரமம்தான்.

வாயில் காப்பவள் வந்து வணங்கிச் சொல்கிறாள்: தெற்கேயிருந்து ஒரு சாண்டாளப் பெண் வந்திருக்கிறாள், கூண்டும் கூண்டிலே ஒரு கிளியும் கொண்டு வந்திருக்கிறாள். தெற்கேயிருந்து! தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசன் அனுமதிக்கிறான். அந்தப் பெண் உள்ளே வருகிறாள். மூங்கில் கழியால் தரையைத் தட்டி ஓசை எழுப்பி அரசனின் கவனத்தை ஈர்க்கிறாள். ஐந்தாம் நூற்றாண்டில் இந்நாட்டைச் சுற்றிய சீனப் பயணி பாஹியான், சாண்டாளர் நகருக்குள் நுழையும்போது கட்டையைத் தட்டிக்கொண்டே வரவேண்டும், அந்த ஓசை கேட்டு மற்றவர் விலகிப் போவர் என்று எழுதி வைத்திருக்கிறான். அந்தக் கட்டையையும் இந்தக் கழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அரசன் பார்க்கிறான். பெண்ணோ பேரழகி. உடனே மன்னன் மனத்தில் ஓர் ஐயம் முளைக்கிறது: இந்தக் குலத்தில் இத்தனை அழகா? பிரமன் இவளைப் படைக்கும்போது தீட்டுப் படுமே என்று அஞ்சிக் கையால் தொடாமலே படைத்திருக்க வேண்டும். கை படாததால்தான் அழகு கெடாமல் இருக்கிறது! இப்படி எண்ணுகிறான் மன்னன். படைத்தவனுக்கே தீட்டு! இதை எழுதிய புலவர் கிண்டலாக எழுதினாரா? இல்லை. மெய்மறந்து, உவமைமேல் உவமையாய் அடுக்கி, இரசித்து எழுதினார்.

அப்புறம் கிளியின் முறை. கூட வந்த ஆள் கூண்டை முன்னே நீட்டிக் கிளியின் பெருமையைக் கூறுகிறான். பெயர் வைசம்பாயனன். சாத்திரங்கள் அனைத்தும் தெரியும், அரசியல் தெரியும், புராணம் தெரியும், இசை தெரியும், காவியம் தெரியும். கிளி வலது காலைத் தூக்கி அரசனை வாழ்த்தி ஒரு பாடலும் சொல்கிறது, பிழையில்லாத வடமொழியில்! அவை வியக்கிறது, மன்னன் மகிழ்கிறான்.

இங்கேதான் நாம் சாட்சியை நிறுத்திக் கேட்கிறோம். கிளிக்கு எல்லாக் கலைகளும் தெரியும். கிளியைச் சுமந்து வந்த பெண்ணுக்கு என்ன தெரியும்? அவள் எதைப் படித்தாள்? படிக்க ஆசைப்பட்டாளா? கேள்வியே எழவில்லை. மன்னனுக்கும் எழவில்லை, புலவருக்கும் எழவில்லை, 2020 இல் அந்த நூலை நற்சான்றாக எடுத்துக் காட்டியவர்களுக்கும் எழவில்லை.

சரி, கிளிக்கு மட்டும் அந்தப் படிப்பு எப்படி வந்தது? எந்த ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார்? அதற்கும் கதையிலே விடை இருக்கிறது. அது முன்பு ஒரு பிறவியில் முனிவர் மகன் புண்டரீகன், அடுத்த பிறவியில் அமைச்சர் சுகநாசரின் மகன் வைசம்பாயனன், அதற்கடுத்துத்தான் கிளி. அதாவது, படிப்பு பிறப்போடு ஒட்டிக்கொண்டே வருகிறது. இறகு முளைத்தாலும் போகாது. மூக்கு வளைந்தாலும் போகாது. பறவையாய்ப் பிறந்தாலும் அந்தண மரபின் அறிவு அப்படியே இருக்கும்; பெண்ணாய், மனிதப் பிறவியாய் எதிரே நின்றாலும் சாண்டாளக் குலத்துக்கு அது எட்டாது. கல்வியைப் பற்றிய எத்தனை 'அரிய' தத்துவம்! வேடிக்கைக் கதை என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆனால், நாட்டின் உயர்கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று வகுக்கும் ஓர் ஏட்டில் இதற்கு முதல் தாம்பூலம் கொடுக்கப்பட்டிருக்கிறதே, அதை எப்படித் தள்ளுவது?

கிளியை விடுவோம். கதையின் இளவரசன் சந்திராபீடனிடம் வருவோம். 'அறுபத்து நான்கு கலை' படித்தவன் அவன்தானே! உச்சயினிக்கு வெளியே, சிப்ரா ஆற்றங்கரையில், மதிலும் அகழியும் சூழ அவனுக்கென்றே ஒரு கல்விக்கூடம் கட்டுகிறான் அவன் தந்தை. ஆறு வயதில் உள்ளே போனவன் பத்தாண்டு கழித்து வெளியே வருகிறான். உடன் படித்தவன் யார்? அமைச்சரின் மகன் வைசம்பாயனன். ஊர்ப் பிள்ளைகள்? மதிலுக்கு வெளியே! இளவரசன் இலக்கணம் கற்றான், தருக்கம் கற்றான், வில்லும் வாளும் கற்றான், யானையேற்றமும் குதிரையேற்றமும் கற்றான். மரவேலை, தந்தவேலை, கட்டடக் கலை, மருத்துவம் எல்லாம் கற்றான் என்று நூல் நீட்டிக்கொண்டே போகிறது.

மரவேலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது பாருங்கள் என்று பூரித்துப் போகின்றனர். நாமும் பார்த்தோம். இளவரசன் உளி பிடிக்கக் கற்றால் அது கலை. தச்சன் மகன் உளி பிடித்தால் அது குலத்தொழில். இளவரசன் உளியைக் கீழே வைத்துவிட்டுக் காவியம் படிக்கப் போகலாம். தச்சன் மகன் உளியைக் கீழே வைத்தால் உலை எரியாது. காவியத்தின் பக்கம் போனால் கண்ணைக் குத்துவார்கள். பட்டியலில் எத்தனை பாடங்கள் இருக்கின்றன என்பதைக் கொண்டு ஒரு கல்வி பரந்ததா குறுகியதா என்று அளக்க முடியாது. மதிலுக்குள் எத்தனை பேர் விடப்பட்டார்கள் என்று எண்ணித்தான் அளக்கவேண்டும்.

அறுபத்து நான்கின் பட்டியலை வேறொரு நூலும் தருகிறது. வாத்சியாயனரின் காமசூத்திரம்! பெண்கள் கற்க வேண்டியவை என்று அங்கே பாட்டு, ஆட்டம், பூத்தொடுத்தல், படுக்கை விரித்தல், பல்லுக்குச் சாயமேற்றல், ஆட்டுக்கிடாய்ச் சண்டை, சேவல் சண்டை எல்லாம் வருகின்றன. கிளிக்கும் நாகணவாய்க்கும் பேசப் பழக்குவதும் ஒரு கலை. மீண்டும் கிளி! இவற்றில் தேர்ந்த கணிகைக்கு அவையிலே தனி மதிப்பு உண்டாம். அந்த மதிப்பு பிற்காலத்தில் நம் தமிழ் மண்ணில் எந்த வடிவத்தில் வந்து நின்றது என்பதைத் தேவதாசி முறையின் வரலாறு சொல்லும். ஆடலும் பாடலும் கற்றவள். ஆனால் அந்தக் கலை அவளை விடுவிக்கவில்லை, கோவில் தூணோடு கட்டிப் போட்டது.

அப்படிக் கட்டிப் போடப்பட்ட மரபிலே வந்த தாய்க்கு மகளாகப் புதுக்கோட்டையில் 1886 இல் பிறந்தவர் முத்துலட்சுமி. அவர் கற்ற முதல் 'விடுதலைக் கலை' எது தெரியுமா? புதுக்கோட்டை மன்னர் கல்லூரியின் முதலாண்டு வகுப்பில் போய் உட்கார்ந்ததுதான். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி. பெண் வரக்கூடாது என்றனர் ஒரு சாரார். அதிலும் இப்படிப்பட்ட குலத்தில் பிறந்த பெண்ணா என்று முகம் சுளித்தனர் வேறு சாரார். தொண்டைமான் மன்னர் இடம் கொடுத்தார். அங்கிருந்து 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912 இல் மருத்துவப் பட்டம், பின்னர் சட்டமன்றம். 1947 இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்த அம்மையாரின் பல்லாண்டுப் போராட்டம் இருக்கிறது. அறுபத்து நான்கு கலைகள் பல நூற்றாண்டுகளாகச் செய்யாததை ஒரு முதலாண்டு வகுப்பு தொடங்கி வைத்தது!

இப்படிச் சொல்வதனால் மேல்நாட்டுச் சரக்கு மாசற்றது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 'லிபரல் ஆர்ட்ஸ்' என்ற சொல்லுக்கு இலத்தீன் மூலத்தில் பொருள், அடிமையல்லாதவன் கற்கும் கலைகள் என்பதே. இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி, எண்கணிதம், வடிவ கணிதம், இசை, வானியல் என ஏழு. அடிமைக்கு அந்த ஏழில் ஒன்றுமில்லை, அவனுக்குக் கைத்தொழில். அங்கும் மதில் இருந்தது. வேற்றுமை என்னவென்றால், அங்கே அந்த மதிலை உடைக்கப் பலர் எழுந்தார்கள். உடைத்ததைப் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் 1865 இல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தபின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு எந்தக் கல்வி என்ற வழக்கு எழுந்தது. புக்கர் வாஷிங்டன் 1881 முதல் டஸ்கேகியில் தொழிற்கல்வி நிலையம் நடத்தியவர். தாமும் அடிமையாய்ப் பிறந்தவர். தன் மக்கள்மேல் அன்பில்லாதவர் அல்லர். முதலில் கைத்தொழில், பொருள் சேரட்டும், மற்றவை பிறகு என்றார். வெள்ளைப் பணக்காரர் கைதட்டினர். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பரான டூ பாய்ஸ் 1903 இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார். தொழில் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் கல்லூரி வேண்டும், இலக்கியமும் தத்துவமும் வரலாறும் வேண்டும், அவை இல்லாமல் தொழிற்பள்ளிக்கு ஆசிரியர்கூடக் கிடைக்கமாட்டார் என்றார். கைதட்டல் குறைவாகத்தான் கிடைத்தது. ஆனால் அந்த வழக்கில் நாம் நிற்கும் பக்கம் அவருடைய பக்கம்.

அம்பேத்கர் நின்ற பக்கமும் அதுவே. பள்ளியில் வடமொழி படிக்க விரும்பிய அவருக்கு அது மறுக்கப்பட்டது, பாரசீகம் படித்தார். காதம்பரியை மூலத்தில் படிக்கும் வாய்ப்பை யார் யாருக்கு மறுத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1912 இல் பி.ஏ. பட்டம் பெற்றார்; 1913 இல் கொலம்பியா சென்றார். பின்னாளில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, பம்பாயில் 1946 இல் அவர் திறந்த கல்லூரி எது? தையற்கூடமா, தச்சுப்பட்டறையா? சித்தார்த்தா கலை அறிவியல் கல்லூரி!

தமிழ்நாட்டில் இந்தப் போராட்டத்துக்கு நீண்ட கணக்கு உண்டு. 1916 டிசம்பரில் வெளியான பார்ப்பனரல்லாதார் அறிக்கை, 1892 முதல் 1904 வரை மாகாண அரசுப் பணிக்கான போட்டித் தேர்வில் வென்ற 16 பேரில் 15 பேர் பார்ப்பனர் என்ற கணக்கை எடுத்து வைத்தது. அந்த எண்ணைப் பார்த்துப் பதறியவர்கள்தாம் பள்ளி கேட்டார்கள், கல்லூரி கேட்டார்கள், விடுதி கேட்டார்கள், இடஒதுக்கீடு கேட்டார்கள். 1953 இல் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்ற திட்டம் வந்தபோது நாடே கொதித்தது. 1954 இல் காமராசர் அதைக் கைவிட்டார். அதன் விளைச்சலை இன்று காணலாம். 2021–22 ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதினரில் உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் இந்தியா முழுமைக்கும் 28.4, தமிழ்நாட்டில் 47. தேசியக் கல்விக் கொள்கை 2035 இல் எட்ட நினைக்கும் இலக்கு 50. அவர்கள் போய்ச் சேர நினைக்கும் ஊரின் எல்லைக்கல்லை நாம் தொட்டுவிட்டோம், காதம்பரியின் உதவியில்லாமலே!

இப்போது முதலாண்டுக்கு வருவோம். சாட்சியின் கதையைக் கேட்டோம். வழக்கு எதைப் பற்றியது என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா?

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் இளநிலைப் பட்டத்துக்கு ஒரு சட்டகம் வெளியிட்டது. பட்டம் இனி ஒரே கட்டடம் அன்று; மாடிக்கு மாடி வெளிவாசல். முதலாண்டில் 40 கிரெடிட் பெற்று, கோடை விடுமுறையில் 4 கிரெடிட்டுக்கு ஒரு தொழிற்பயிற்சியும் முடித்தால், சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியேறலாம். இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டயம். மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டம். நான்காம் ஆண்டு இருந்தால் 'ஆனர்ஸ்'. வெளியேறியவர் மூன்று ஆண்டுக்குள் திரும்பி வரலாம். ஏழு ஆண்டுக்குள் முடித்துவிட வேண்டும். வாசல்களின் கணக்கு இது.

விருப்பம்போல் நுழையலாம், விருப்பம்போல் வெளியேறலாம், இதிலே என்ன தவறு, இதுதானே சுதந்திரம் என்று கேட்கின்றனர். கேட்பதற்கு இனிக்கிறது. யாருடைய விருப்பம் என்று மட்டும் கேட்டுப் பார்ப்போம்.

முதலாண்டு என்பது என்ன? பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு தமிழில் படித்த பிள்ளை. ஆனிக் காற்றிலே ஊரிலிருந்து பேருந்தேறி மாவட்டத் தலைநகரத்துக் கல்லூரிக்கு வருகிறது. பகுதி ஒன்று தமிழ்; அது தெரிந்த முகம். பகுதி இரண்டு ஆங்கிலம். அது பாதி தெரிந்த முகம். பகுதி மூன்று, முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். நேற்றுவரை 'விசை' என்றும் 'உந்தம்' என்றும் அறிந்த இயற்பியல் இன்று முற்றிலும் ஆங்கிலத்தில் வருகிறது. ஆசிரியர் பேசுகிறார், பலகை நிறைகிறது, கைகள் எழுதுகின்றன. மனத்துக்குள் ஒன்றும் இறங்கவில்லை. முதல் பருவத் தேர்வில் இரண்டு அரியர். மறுபருவத்தில் மேலும் ஒன்று. நமக்குப் படிப்பு வராது போலும் என்ற எண்ணம் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாளிலேயே மிகுதியாக வரும் காலம் அந்தப் பன்னிரண்டு மாதம். நம் பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போன மாணவர் தீபாவளி விடுமுறையில் நம்மைக் காண வரும்போது இதைத்தான் சொல்கிறார்கள். சொல்லைவிட முகம் மிகுதியாகச் சொல்கிறது. இரண்டாம் ஆண்டில் அதே பிள்ளை நிமிர்கிறது. மூன்றாம் ஆண்டில் அரியரையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டு, கருத்தரங்கில் எழுந்து வினாக் கேட்கிறது. விதை முளைக்க நாளாகும் என்பது உழவனுக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளையின் மனம் மிகத் தளர்ந்திருக்கும் வேளை பார்த்து, 'இதோ வாசல், இதோ சான்றிதழ்' என்று காட்டுவது எப்படிப்பட்ட கருணை? கிராமத்திலே மாமன் வந்து உட்கார்ந்து, பெண்ணுக்குத்தான் ஒரு சர்ட்டிபிகேட் வந்துவிட்டதே, தையில் முகூர்த்தம் வைக்கலாமே என்பார். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்க வந்தவர், ஓராண்டுப் படிப்பு இருக்கிறதா, போதுமே என்பார். மருத்துவர் வீட்டு மகனும் வழக்கறிஞர் வீட்டு மகளும் முதலாண்டோடு வெளியேறப் போவதில்லை. அவர்களுக்கு நான்காம் ஆண்டும் உண்டு, ஆனர்ஸும் உண்டு, அதற்கு மேலும் உண்டு. வாசல் எல்லாருக்கும் பொது என்று சட்டம் சொல்லும். எந்த வாசலில் யாருடைய செருப்பு கிடக்கும் என்பதை அவரவர் குடும்ப வரவு செலவு சொல்லும். வெளியேறுவதற்கு விதித்த நிபந்தனையையும் கவனியுங்கள்: இலக்கியம் படித்தவனானாலும் வரலாறு படித்தவளானாலும் ஒரு கைத்தொழில் கற்றுக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். 1953 இல் ஆறு வயதில் கையில் கொடுக்கப் பார்த்த உளியைப் பதினெட்டு வயதில் கொடுக்கிறார்கள். அப்பன் தொழில்தான் என்று வற்புறுத்தவில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் வளர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

எதிர்த்தரப்பில் ஒரு நேர்மையான வினாவும் உண்டு. அதை மறைப்பது பகுத்தறிவாளருக்கு அழகன்று. இன்றும்தானே பலர் முதலாண்டோடு நின்றுவிடுகிறார்கள், அவர்களுக்கு இப்போது கையில் ஒன்றுமில்லை, சான்றிதழாவது இருக்கட்டுமே என்பது அந்த வினா. இருக்கட்டும். ஆனால் கணக்கேட்டில் நடக்கும் மாற்றத்தைப் பாருங்கள். இன்று ஒரு பெண் முதலாண்டோடு நின்றால் அதற்குப் பெயர் இடைநிற்றல். அது கல்லூரிக்குக் குறை, அரசுக்குக் குறை. ஏன் நின்றாள் என்று சட்டமன்றத்தில் கேட்கலாம். பேருந்து வசதி இல்லையா, விடுதி இல்லையா, பாடம் புரியவில்லையா, பணமில்லையா என்று கேட்டு ஒரு வழி செய்யச் சொல்லலாம். 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கியது இந்த வினாக்களின் விளைவே. நாளை அதே பெண் அதே காரணத்தால் நின்றால் அதற்குப் பெயர் வெளியேறல். அவள் தேர்ந்தெடுத்தாள்! சான்றிதழ் பெற்றாள்! குறை ஒருவருக்கும் இல்லை. கணக்கேட்டில் வெற்றி ஒன்று கூடிவிட்டது. வறுமை அப்படியே இருக்கும், பெயர் மட்டும் மாறும். இதைத்தான் நாம் அஞ்சுகிறோம். காதம்பரியைவிட இதையே மிகுதியாக அஞ்சுகிறோம்.

நின்றவர் திரும்பி வந்ததில்லையா என்பர். வந்திருக்கிறார்கள். அண்ணாவே பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுக் காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். மீண்டும் படித்துப் பச்சையப்பன் கல்லூரியில் 1934 இல் பி.ஏ. ஆனர்ஸ் முடித்தவர். நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் அந்த அலுவலகத்தில் அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் திரும்பினாரா? அவர் பெயர் யாருக்குத் தெரியும்? திரும்பிய ஒருவரைக் காட்டி, திரும்பாத ஆயிரவருக்குச் சட்டம் இயற்றுவது முறையா?

வேறொரு முதலாண்டும் இந்நாட்டிலே இருக்கிறது. அரியானாவில் சோனிபட்டில் 2014 இல் தொடங்கிய அசோகா பல்கலைக்கழகத்தில், எந்தப் பாடத்தை முதன்மையாக எடுத்தாலும் எல்லா மாணவரும் அடித்தளப் பாடங்கள் படிக்கவேண்டும். இலக்கியம் படிப்பவன் கணிதச் சிந்தனையைத் தொடுகிறான். பொருளாதாரம் படிப்பவள் பெருநூல்களைப் படித்து விவாதிக்கிறாள். நல்ல முறை, நாம் மனமாரப் பாராட்டுகிறோம். கட்டணம் ஆண்டுக்குப் பல இலட்சம் ரூபாய். ஏழை மாணவர் சிலருக்கு உதவித்தொகை உண்டு. சந்திராபீடனின் மதில் நினைவுக்கு வருகிறது. இந்த மதிலில் சிறு கதவு வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. வசதி படைத்தவன் பிள்ளைக்கு முதலாண்டில் அறிவின் பரப்பு முழுவதும் திறக்கப்படுகிறது. வசதியற்றவன் பிள்ளைக்கு முதலாண்டில் வெளிவாசல் திறக்கப்படுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர், 'லிபரல் ஆர்ட்ஸ்'!

நம் வீட்டுக் குப்பையையும் கொஞ்சம் கிளறுவோம். அடுத்தவனைக் குறை சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டால், நம் அரசு கலைக் கல்லூரிகளின் முதலாண்டு வகுப்பு தானே பொன்னுலகமாகிவிடாது. எஞ்சினியரிங் கிடைக்காதவன் போகுமிடம் கலைக் கல்லூரி என்று நம்மவரே பேசுகிறோம். ஜாதிக்கு எதிராகப் பேசும் வாய் படிப்பிலே ஒரு ஜாதிப் படிவரிசை கட்டுகிறது. மாணவன் மூலநூலைக் கண்ணால் பாராமல், வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெறுகிறான். கிளிப்பிள்ளைப் படிப்பு என்று இதற்குப் பெயர் வைத்த தமிழன் கெட்டிக்காரன். பாணபட்டரின் கிளியைக் கேலி செய்த நாம், நம் வகுப்பறைக் கூண்டையும் பார்க்கத்தானே வேண்டும்?

கல்லூரிப் பாடத்தைத் தமிழில் நடத்தும் முயற்சி கோவை அரசு கலைக் கல்லூரியில் 1960 இல் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் இயற்பியல், வரலாறு, பொருளாதாரம், உளவியல் என்று நூற்றுக்கணக்கில் கல்லூரி நூல்களைத் தமிழில் வெளியிட்டது. தமிழ்வழியில் படித்தவருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010 இல் வந்தது. இத்தனையும் இருந்தும், முதலாண்டு மாணவன் 'உந்தம்' என்ற சொல்லிலிருந்து ஆங்கிலச் சொல்லுக்குத் தாவும்போது கால் வைக்க ஒரு பலகை பல கல்லூரிகளில் இல்லை. முதல் பருவத்தில், பாடத்துக்கு நாளொரு மணி நேரம், தமிழிலே கருத்தை விளக்கி அதன்பின் ஆங்கிலச் சொல்லைத் தரும் வகுப்பு ஒன்று நடத்தினால் அரியர் பாதியாகக் குறையும் என்பது நம் எண்ணம். பெரிய செலவில்லை. ஆசிரியர் காலியிடங்களை நிரப்பினால் போதும். தொழிற்பயிற்சியும் வேண்டாம் என்று சொல்லவில்லை; கணினியும் கணக்கியலும் பட்டத்தோடு சேர்ந்து வரட்டும், பட்டத்தின் இடத்தில் வந்து உட்கார வேண்டாம்.

காதம்பரியின் முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். கடைசியில் அந்தச் சாண்டாளப் பெண் உண்மையில் சாண்டாளப் பெண்ணே அல்லளாம், இலட்சுமி தேவியாம், கிளியாய்ப் பிறந்த தன் மகனைக் காக்க வந்தவளாம். மனிதர் யாரும் தன்னை நெருங்கிவிடக்கூடாது என்பதற்காகவே சாண்டாள வடிவம் எடுத்தாளாம்! உண்மையைச் சொல்லிவிட்டு வானத்தில் பறந்துவிடுகிறாள். பாணரின் மகன் எழுதி முடித்த பகுதி இது. அவை முழுவதும் வியந்து பார்த்த அந்த ஒரே சேரிப் பெண்ணையும் கதையிலிருந்து நீக்கிவிட்டார் புலவர் மகன். கூண்டு சுமந்தவள் மறைந்தாள். அவளுக்கு என்ன படிப்பு என்ற வினாவும் மறைந்தது.

தமிழ்நாடு இந்த வெளிவாசல் திட்டத்தை ஏற்க மறுத்தது. கர்நாடகமும் ஏற்றுப் பார்த்துவிட்டு 2024 இல் மூன்றாண்டுப் பட்டத்துக்கே திரும்பியது. அதனால் நாம் உறங்கிவிட முடியாது. ஒவ்வோர் ஊரிலும் நம் படிப்பகத் தோழர்கள் ஒரு சிறு வேலை செய்யலாம். இந்த ஆண்டு தம் ஊரிலிருந்து கலை அறிவியல் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த பிள்ளைகள் அனைவரின் பெயரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த ஜூன் மாதம் அதே நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். யார் இரண்டாம் ஆண்டில் இருக்கிறார், யார் இல்லை என்று குறியுங்கள். இல்லாதவர் வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து காரணத்தைக் கேட்டு எழுதுங்கள்: பேருந்தா, பணமா, ஆங்கிலமா, திருமணமா? எழுதியதை இந்த இதழுக்கு அனுப்புங்கள். மாவட்ட வாரியாக வெளியிடுவோம்.